வாதத்தை நிரூபிக்கப் போய்த் தன்னையே சுட்டுக்கொண்ட வக்கீல்

கேள்வி இது: "கொலை வழக்கில் தன் கட்சிக்காரர் நிரபராதி என்று காட்டுவதற்காக, கோர்ட்டிலேயே துப்பாக்கியை எடுத்துச் செய்துகாட்டப் போய்த் தன்னையே சுட்டுக்கொண்டு இறந்த அமெரிக்க வக்கீல் ஒருவர் இருந்தாராமே, உண்மையா? கட்சிக்காரரும் விடுதலை ஆகிவிட்டாராமே?"

முக்கால்வாசி உண்மை. ஆள் நிஜம், துப்பாக்கி நிஜம், சாவும் நிஜம். ஆனால் நடந்த இடம் கோர்ட் இல்லை, ஹோட்டல் அறை. விடுதலையும் அந்தச் சாவைப் பார்த்துக் கையோடு கிடைத்துவிடவில்லை.

வக்கீலின் பெயர் கிளெமென்ட் வலாண்டிகம். ஓஹியோ மாநிலத்துக்காரர். இவர் கதை பெரும்பாலும் 'தன் வினை தன்னைச் சுடும்' என்கிற மாதிரி ஒரு வேடிக்கைத் துணுக்காகத்தான் சுற்றுகிறது. ஆனால் இந்தச் சம்பவத்துக்கு எட்டு வருடம் முன்பு, அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவில், ஜனாதிபதி லிங்கனுக்கு வடக்கிலேயே பெரிய தலைவலியாக இருந்தவர்களில் ஒருவர் இவர். ஒரு மேடைப் பேச்சுக்காக ராணுவம் இவரை நள்ளிரவில் பிடித்துப்போய், தானே விசாரித்து, தானே தண்டனை கொடுத்தது. கடைசியில் எதிரிப் படையின் எல்லைக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தது. அந்த நிலைமையிலும் மனிதர் கவர்னர் தேர்தலில் நின்றார். ஹோட்டல் அறைக்குக் கடைசியில் வருகிறேன். ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்தால்தான் அங்கே நடந்தது புரியும்.

1820 ஜூலை 29-இல் ஓஹியோவின் நியூ லிஸ்பன் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா பிரஸ்பிட்டேரியன் சபைப் பாதிரியார். பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் ஜெஃபர்சன் கல்லூரியில் படித்தபோது கல்லூரித் தலைவரோடு வாக்குவாதம் முற்றி, பட்டம் வாங்காமலே வெளியேறினார். விட்டுக்கொடுத்தால் காரியம் முடிந்துவிடும் என்கிற இடத்தில் விட்டுக்கொடுக்காத குணம் அப்போதே இருந்திருக்கிறது. 1842-இல் வக்கீல் ஆனார். தொழில் தொடங்க 500 டாலர் கடன் கொடுத்தவர் நண்பர் எட்வின் ஸ்டான்டன், அவரும் ஓஹியோ வக்கீல்தான். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். இருபது வருடம் கழித்து லிங்கன் அமைச்சரவையில் போர்த்துறையைக் கையில் வைத்திருந்தவர் இவரே.

25 வயதில் ஓஹியோ சட்டமன்றத்துக்குத் தேர்வானார். அவையிலேயே இளையவர், கட்சி டெமாக்ரட். அந்தக் காலத்து ஓஹியோவில் அடிமை முறை கிடையாது, ஆனால் 'கறுப்பர் சட்டங்கள்' என்று சில இருந்தன. மாநிலத்துக்குள் குடியேறும் கறுப்பர் தான் சுதந்திர மனிதர் என்பதற்குப் பத்திரம் காட்ட வேண்டும். நன்னடத்தைக்கு 500 டாலர் ஜாமீன் கட்ட ஆள் பிடிக்க வேண்டும். வெள்ளையர் சம்பந்தப்பட்ட வழக்கில் கறுப்பர் சாட்சி செல்லாது. இவற்றை ரத்து செய்யலாம் என்று பேச்சு வந்தபோது வலாண்டிகம் எதிர்த்து ஓட்டுப் போட்டார். மக்களிடமே ஓட்டுக்கு விடுங்கள் என்பது அவர் வாதம். ஓட்டுப் போடும் உரிமை வெள்ளை ஆண்களுக்கு மட்டும் இருந்த மாநிலத்தில் அந்த ஓட்டு எப்படி விழுந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தச் சட்டங்களில் பெரும்பகுதி 1849-இல் இவர் தயவு இல்லாமலே போனது.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. பின்னால் இவர் பேச்சுரிமைக்காகச் சிறைப்பட்டவராக வரும்போது, இவரை ஒரு தியாகியாக்கிவிடும் ஆசை நமக்கு வந்துவிடும். அடிமை முறை விஷயத்தில் இவர் கடைசிவரை தவறான பக்கத்தில்தான் நின்றார். அது தெரிந்தே மேலே படிக்க வேண்டும்.

1847-இல் டேட்டன் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். வக்கீல் தொழில், கொஞ்ச காலம் பத்திரிகை ஆசிரியர் வேலை, இடையில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக்கு நின்று 1852, 1854 இரண்டிலும் தோல்வி. 1856-இல் 19 ஓட்டில் தோற்றார். ஓட்டு எண்ணிக்கையில் கோளாறு என்று அவையிலேயே முறையிட்டு, ஒன்றரை வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டி, பதவிக்காலம் முடிய ஒரு வருடம்கூட இல்லாத 1858 மே மாதத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்! வேறு யாராவது என்றால் அடுத்த தேர்தலைப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்கள்.

1859 அக்டோபரில் ஜான் பிரவுன் என்பவர் அடிமைகளை ஆயுதமேந்த வைக்கும் திட்டத்தோடு ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதக் கிடங்கைத் தாக்கிப் பிடிபட்டார் அல்லவா? அடிபட்டுத் தரையில் கிடந்த அவரைச் சுற்றி நின்று கேள்வி கேட்டவர்களில் வலாண்டிகமும் ஒருவர். "ஓஹியோவில் உனக்கு யார் உதவினார்கள்?" என்று குறுக்கு விசாரணை மாதிரியே துருவியிருக்கிறார். பிரவுன் பிடி கொடுக்கவில்லை.

அடிமை முறை இருந்த தென் மாநிலங்கள் ஒன்றியத்திலிருந்து பிரிந்துபோக, 1861-இல் வடக்குக்கும் தெற்குக்கும் போர் வந்தது. வடக்கில் டெமாக்ரட் கட்சி இரண்டாகப் பிளந்தது. கட்சி வேறானாலும் போருக்கு ஆதரவு என்றவர்கள் ஒரு பக்கம், பேச்சுவார்த்தை நடத்திப் போரை நிறுத்து என்றவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாவது கோஷ்டியின் பெரிய குரல் வலாண்டிகம். லிங்கனின் கட்சிக்காரர்களான ரிபப்ளிகன்கள் இவர்களுக்கு 'காப்பர்ஹெட்' என்று பெயர் வைத்தார்கள். புல்லோடு புல்லாகக் கிடந்து கடிக்கும் ஒரு விஷப் பாம்பின் பெயர் அது. இவர்களோ அசரவில்லை. அந்தக் காலத்துச் செம்புக் காசில் இருந்த சுதந்திர தேவியின் தலையை வெட்டி எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டு, 'ஆமாம், செம்புத் தலைதான்' என்று திரிந்தார்கள்.

'அரசியல் சாசனம் இருக்கிறபடி இருக்கட்டும், ஒன்றியம் இருந்தபடி திரும்பட்டும்' என்பது வலாண்டிகத்தின் கோஷம். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் 'இருந்தபடி' என்பதற்குள் சுமார் 40 லட்சம் அடிமைகளும் அடக்கம். 1862 தேர்தலுக்கு முன் இவர் தொகுதியின் எல்லையை எதிர்க்கட்சிக்கு வாகாக மாற்றி வரைந்தார்கள், தோற்றார். பதவி முடியப் போகும் நேரத்தில், 1863 ஜனவரி 14-இல், சபையில் எழுந்து ஒரு நீண்ட உரை ஆற்றினார். தோல்வி, கடன், வரி, கல்லறை, இவைதான் உங்கள் வெற்றிச் சின்னங்கள் என்று ஆளுங்கட்சியைப் பார்த்துச் சொன்னார்.

இந்த நேரத்தில்தான் ஜெனரல் பர்ன்சைட் ஓஹியோவுக்கு வந்து சேர்ந்தார். 1862 டிசம்பரில் ஃபிரெட்ரிக்ஸ்பர்க் போர்க்களத்தில் படுதோல்வி அடைந்தவர். சின்சினாட்டியில் உட்கார்ந்து அந்தப் பகுதியின் ராணுவ நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளும்படி அனுப்பியிருந்தார்கள். அங்கே சண்டை கிடையாது, ஆனால் பேச்சு நிறைய இருந்தது. 1863 ஏப்ரல் 13-இல் பொது உத்தரவு எண் 38 என்று ஒன்றைப் போட்டார். எதிரிக்கு அனுதாபம் தெரிவிக்கும் பழக்கத்தை இனிமேல் பொறுத்துக்கொள்ள முடியாது, வெளிப்படையாகச் சொன்னாலும் மறைமுகமாகச் சொன்னாலும் துரோகமே, பிடிபட்டவருக்கு விசாரணை அல்லது எதிரியின் எல்லைக்குள் துரத்தல். போர்க்களத்திலிருந்து வெகுதூரத்தில், கோர்ட்டுகள் வழக்கம்போல் நடந்துகொண்டிருந்த மாநிலத்தில் இப்படி ஓர் உத்தரவு.

வலாண்டிகத்துக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்குமா? மே 1-ஆம் தேதி ஓஹியோவின் மவுன்ட் வெர்னன் ஊரில் பெரிய கூட்டம். ராணுவ அதிகாரிகள் சாதாரண உடையில் கூட்டத்துக்குள் நிற்கிறார்கள், அதில் ஒருவர் மேடையில் சாய்ந்தபடியே குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறார். உத்தரவு எண் 38-ஐத் தான் மதிக்கவில்லை என்றும், தனக்கு உத்தரவு எண் 1 இருக்கிறது, அது அமெரிக்க அரசியல் சாசனம் என்றும் வலாண்டிகம் முழங்கினார். இது கறுப்பர்களை விடுவித்து வெள்ளையர்களை அடிமையாக்கும் போர் என்றும் சொன்னார். வாயை மூடிக்கொண்டிருந்தால் பர்ன்சைட்டின் உத்தரவு வெறும் காகிதமாகப் போயிருக்கும். அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றால் யாராவது பிடிபட வேண்டும், அந்த 'யாராவது' தானாக இருக்கட்டும் என்று அவர் முடிவு பண்ணியே பேசினார் என்பது என் அபிப்பிராயம்.

மே 5 அதிகாலை, மணி இரண்டரை இருக்கும். சின்சினாட்டியிலிருந்து தனி ரயிலில் வந்த சிப்பாய்கள் டேட்டனில் இவர் வீட்டைச் சூழ்ந்தார்கள். இவர் கீழே வர மறுத்தார். கதவுகளை உடைத்து மேலே ஏறிப் பிடித்துப்போனார்கள். விடிந்ததும் ஊர் கொந்தளித்தது. அன்று இரவு அவர் ஆதரவாளர்கள் எதிர்க்கட்சிப் பத்திரிகையின் அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள். தலைவரின் பேச்சுரிமைக்காகப் போராடியவர்கள் முதலில் கொளுத்தியது ஒரு பத்திரிகை அலுவலகத்தை!

அடுத்த இரண்டு நாள் சின்சினாட்டியில் ராணுவ அதிகாரிகள் அடங்கிய குழு விசாரித்தது. இது கோர்ட்டே இல்லை, என்னை விசாரிக்க இதற்கு அதிகாரம் கிடையாது என்று சொல்லி, குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் மறுக்கவும் செய்யாமல் நின்றார். ஆனால் மேடையருகே குறிப்பெடுத்த அதிகாரியைத் தானே குறுக்கு விசாரணை செய்தார். வக்கீல் புத்தி. தன் தரப்பில் அழைத்த ஒரே சாட்சி, அதே மேடையில் பேசிய சாமுவேல் காக்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர். வலாண்டிகம் சட்டத்தை மீறச் சொல்லவில்லை, ஓட்டுப் பெட்டியில் பதில் சொல்லுங்கள் என்றுதான் பேசினார் என்றார் காக்ஸ். போர் முடியும்வரை கோட்டைச் சிறை என்று தீர்ப்பு வந்தது. ஆட்கொணர்வு மனுவை நீதிபதி லெவிட் தள்ளுபடி செய்தார்.

லிங்கனுக்குத் தர்மசங்கடம். கைது நடந்தபின்தான் அவருக்கே விஷயம் தெரியும். இப்படிச் செய்ய நேர்ந்ததற்கு மந்திரிகள் எல்லோருக்கும் வருத்தம்தான், ஆனால் செய்தாகிவிட்டதால் உங்களோடு நிற்கிறோம் என்று பர்ன்சைட்டுக்கு எழுதினார். சிறையில் வைத்தால் தியாகி ஆகிவிடுவார், விட்டால் ஜெனரலை அவமானப்படுத்தியதாகிவிடும். அதனால் மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தார்: அவருக்குத் தெற்கு மேல் அவ்வளவு அனுதாபம் என்றால் அங்கேயே அனுப்பிவிடுங்கள். தந்திரம் என்ற வகையில் பிரமாதம். சட்டம் என்ற வகையில், ஒரு குடிமகனைச் சொந்த நாட்டிலிருந்து எதிரிப் படையிடம் தள்ளிவிட எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்று லிங்கனின் ஆதரவாளர்களே முணுமுணுத்தார்கள்.

மே 25-ஆம் தேதி, டென்னசியில் மர்ஃப்ரீஸ்பரோவுக்கு அப்பால், வெள்ளைக் கொடியோடு கூட்டிப்போய் எதிர்த் தரப்புக் காவலனிடம் ஒப்படைத்தார்கள். அங்கே வலாண்டிகம் சொன்னது: "நான் ஓஹியோவின் குடிமகன், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடிமகன். என் விருப்பத்துக்கு விரோதமாக, பலாத்காரமாக இங்கே கொண்டுவரப்பட்டிருக்கிறேன். ஆகவே போர்க்கைதியாக உங்களிடம் சரணடைகிறேன்." அந்த நேரத்திலும் வழக்கில் ஓட்டை விழாமல் பார்த்துக்கொள்கிறார் பாருங்கள். விருந்தாளியாக வரவில்லை என்று பதிவாகிவிட்டது. தெற்குக்காரர்களுக்கும் இவரை என்ன செய்வது என்று தெரியவில்லை.

இதற்கிடையில் நியூயார்க் டெமாக்ரட்கள் அனுப்பிய கண்டனத்துக்கு ஜூன் மாதம் லிங்கன் எழுதிய பதில் பிரபலமானது. விவரம் தெரியாத சிப்பாய்ப் பையன் படையை விட்டு ஓடினால் அவனை நான் சுட வேண்டும், அவனை ஓடத் தூண்டுகிற சூழ்ச்சிக்காரரின் ஒரு மயிரைக்கூடத் தொடக் கூடாதா என்று அதில் ஒரு கேள்வி வருகிறது. படிக்கிறவரை உலுக்கும் வரிதான். ஆனால் விசாரணையில் வலாண்டிகத்தின் பேச்சைக் கேட்டு ஒரு சிப்பாய் ஓடினான் என்று யாரும் சாட்சி சொல்லவில்லை. குற்றச்சாட்டிலேயே அது இல்லை, இருந்தது எதிரிக்கு அனுதாபம் காட்டியதும், அரசைப் பலவீனப்படுத்தும் நோக்கத்தோடு விசுவாசமற்ற கருத்துகளைச் சொன்னதும்தான். லிங்கன் பெரிய மனிதர், அவர் வழக்கறிஞராகவும் பெரியவர். தன் தரப்பு பலவீனமாக இருக்கும் இடத்தில் எங்கே அழுத்திப் பேச வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

ஓஹியோ டெமாக்ரட்கள் ஜூன் 11-இல் வலாண்டிகத்தைக் கவர்னர் வேட்பாளராக அறிவித்தார்கள். (அங்கே கவர்னர் என்பது மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதவி, நம் ஊரில் முதல்வர் இருக்கும் இடம்.) வேட்பாளரோ தெற்கிலிருந்து கப்பலேறி, வடக்கின் கடற்படை முற்றுகையைத் தாண்டி, பெர்முடா போய், அங்கிருந்து ஹாலிஃபாக்ஸ் வழியாகக் கனடாவுக்குள் வந்து, வின்ட்சர் நகரத்தில் ஹோட்டலில் அறை எடுத்தார். நதிக்கு அந்தக் கரையில் டெட்ராய்ட். கண்ணுக்கு எதிரே சொந்த நாடு, கால் வைத்தால் கைது. அங்கிருந்தபடியே கடிதமும் அறிக்கையும் அனுப்பிப் பிரசாரம் செய்தார்.

அக்டோபர் 13-இல் தேர்தல். 1,87,000-க்கும் மேல் ஓட்டு வாங்கியும், எதிர்த்து நின்ற ஜான் புரோவிடம் ஏறக்குறைய ஒரு லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். முகாம்களிலிருந்து ஓட்டுப் போட்ட சிப்பாய்களில் சுமார் 41,000 பேர் புரோவுக்கு, வலாண்டிகத்துக்கு விழுந்தது 2,300-ஐ ஒட்டித்தான். போரில் சாகக் காத்திருந்தவர்களே போரை நிறுத்து என்றவரை ஒதுக்கிவிட்டார்கள். ஜூலையில் கெட்டிஸ்பர்க், விக்ஸ்பர்க் வெற்றிகள் வந்திருக்காவிட்டால் கணக்கு கொஞ்சம் மாறியிருக்கலாம்.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1864 பிப்ரவரியில் அது மிகச் சாமர்த்தியமாக நழுவியது. ராணுவ விசாரணைக் குழு என்பது சட்டப்படி நீதிமன்றம் இல்லை, நீதிமன்றமே இல்லாத ஒன்றின் முடிவை மேல்முறையீட்டில் பார்க்க எங்களுக்கு அதிகாரம் இல்லை என்றது. அது கோர்ட்டே இல்லை என்றுதான் வலாண்டிகமும் சொன்னார், அதே காரணத்துக்காக அவருக்கு நிவாரணமும் கிடைக்கவில்லை. சட்டக் கல்லூரி மாணவர்கள் இந்த இடத்தில் சிரிப்பதா அழுவதா என்று விழிப்பார்கள். போர் முடிந்தபின், 1866-இல், இண்டியானா வக்கீல் லாம்டின் மில்லிகன் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் ராணுவம் சாராத வழக்கமான கோர்ட்டுகள் திறந்திருக்கும் இடத்தில் குடிமக்களை ராணுவம் விசாரிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. எழுதியவர் டேவிட் டேவிஸ், லிங்கனின் நெருங்கிய நண்பர், லிங்கனே நியமித்த நீதிபதி. வலாண்டிகம் சொன்ன சட்டம் கடைசியில் ஜெயித்தது, ஆனால் இன்னொருவர் பெயரில்.

1864 ஜூனில் மாறுவேடத்தில் நதியைக் கடந்து ஊர் திரும்பினார். வயிற்றில் தலையணை கட்டி, ஒட்டுத் தாடி வைத்து வந்தார் என்று சொல்வார்கள். திரும்பிய கையோடு ஓஹியோவின் ஹாமில்டன் ஊரில் மேடையேறிப் பேசினார். கைது செய்யட்டும் என்று காத்திருந்தவரை லிங்கன் கண்டுகொள்ளவே இல்லை. அதைவிடப் பெரிய தண்டனை அவருக்கு இருந்திருக்காது. அந்த ஆண்டு டெமாக்ரட் மாநாட்டில் போரை நிறுத்து என்ற தீர்மானத்தை நுழைத்தார், கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் மெக்லெல்லனே அதிலிருந்து விலகிக்கொண்டார். அப்புறம் நின்ற தேர்தலிலும் தோல்வி. 1871 மே மாதம், கட்சி பழைய கதையை விட்டுவிட்டு அடிமை முறை ஒழிப்பையும் கறுப்பர்களின் குடியுரிமை, ஓட்டுரிமைத் திருத்தங்களையும் முடிந்த விஷயமாக ஏற்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். மனம் மாறினாரா, கட்சி பிழைக்க வேறு வழியில்லை என்று கணக்குப் போட்டாரா? கணக்கு என்றே நான் நினைக்கிறேன்.

சரி, அடுத்த மாதம் அந்த ஹோட்டல் அறை.

1870 கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் ஹாமில்டனில் சீட்டாட்டம் நடந்த இடத்தில் ஒரு கைகலப்பு. டாம் மையர்ஸ் என்பவர் குண்டடிபட்டுச் செத்தார். சுட்டவர் என்று பிடிபட்டவர் தாமஸ் மெக்கேஹன். உள்ளூரில் அவர் பேர் கெட்டிருந்ததால் வழக்கு லெபனான் என்ற ஊருக்கு மாறியது. வலாண்டிகத்தின் வாதம்: மெக்கேஹன் சுடவே இல்லை. மையர்ஸ் மண்டியிட்ட நிலையிலிருந்து எழுந்தபடியே பாக்கெட்டிலிருந்து தன் துப்பாக்கியை உருவியபோது, அது துணியில் மாட்டி, அவரையே சுட்டுவிட்டது.

இதற்கு ஒரு சோதனை தேவைப்பட்டது. மிகக் கிட்டத்தில் சுட்டால் துணியில் வெடிமருந்துக் கரி படியும், தூரத்திலிருந்து சுட்டால் படியாது. எவ்வளவு தூரம்வரை படியும்? ஜூன் 16 அன்று சக வக்கீல்களோடு ஊருக்கு வெளியே போய், ஒரு துணியின் மேல் சுட்டுப் பார்த்தார். திரும்பும்போது துப்பாக்கியில் மூன்று தோட்டா பாக்கி. காலி பண்ணிவிடுங்கள் என்று உடன் வந்தவர் சொன்னார். இத்தனை வருடம் துப்பாக்கி வைத்திருக்கிறேன், எனக்கென்ன பயம் என்று பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

ஹோட்டலுக்கு வந்ததும் வழக்கில் காட்டுவதற்கான துப்பாக்கி அவரிடம் வந்து சேர்ந்தது. அதில் தோட்டா இல்லை. இரண்டையும் அருகருகே மேசையில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு வக்கீல் உள்ளே வர, மையர்ஸ் எப்படி உருவியிருப்பார் என்று அவருக்குச் செய்துகாட்ட ஒன்றை எடுத்தார். கால்சட்டைப் பையில் சொருகி, மெதுவாக வெளியே இழுத்து, குழாயை மையர்ஸுக்குக் குண்டு பாய்ந்த திசையில் திருப்பி, விசையை அழுத்தினார். "ஐயோ கடவுளே, என்னையே சுட்டுக்கொண்டேன்" என்று சுவரில் சாய்ந்தாராம். குண்டு வயிற்றில். டாக்டர்கள் தேடியும் கிடைக்கவில்லை. மறுநாள் காலை, ஜூன் 17, உயிர் பிரிந்தது. 51 வயது நிறைய ஒன்றரை மாதம்கூட இல்லை.

இப்படி ஒரு துப்பாக்கி தன் கைக்காரரையே சுட முடியும் என்பது இதைவிடத் தெளிவாக நிரூபணம் ஆகியிருக்க முடியாதுதான். ஆனாலும் ஜூரிகள் உடனே கண்ணீர் மல்க விடுதலை கொடுத்துவிடவில்லை. வழக்கு மேலும் இழுத்தது, மறு விசாரணையெல்லாம் நடந்தது, அதற்குப் பிறகுதான் மெக்கேஹன் வெளியே வந்தார். ஹாமில்டனுக்குத் திரும்பிய அவரையும் சில வருடங்களில் ஒருவர் சுட்டுக் கொன்றுவிட்டார். வலாண்டிகம் தங்கிய அந்த ஹோட்டல் லெபனானில் இன்றும் நடக்கிறது, கோல்டன் லாம் என்று பெயர்.